பாரிஸ், சுவிஸ், இத்தாலி: 13 நாள் சுற்றுலாவுக்கு எந்த நாட்டில் விசா கேட்பது?

ஊர்சுற்றிப்புறா:
எல்லோருக்கும் வணக்கம். நான், மனைவி, 8 வயது மகள் மூவரும் மே மாதம் முதல்முறையாக ஐரோப்பா போகிறோம். மே 10 பாரிஸில் இறங்கி 4 இரவு. அங்கிருந்து ரயிலில் சுவிட்சர்லாந்து, இன்டர்லாகனில் 4 இரவு. பிறகு இத்தாலியில் 4 இரவு, மிலனும் வெனிஸும். மே 22 வெனிஸிலிருந்து திரும்புகிறோம்.

ஓர் ஏஜெண்ட் "சுவிஸில் போடுங்கள், கண்ணை மூடிக்கொண்டு கொடுப்பார்கள்" என்கிறார். இன்னொருவர் இத்தாலிதான் சுலபம் என்கிறார். விமான டிக்கெட்டை முதலில் வாங்க வேண்டுமா? வங்கிக் கணக்கில் எவ்வளவு இருக்க வேண்டும்? பாரிஸில் இருக்கும்போது ஒரே ஒரு நாள் லண்டன் போய் வர முடியுமா? மகள் அந்தப் பெரிய கடிகாரத்தைப் பார்த்தே ஆக வேண்டும் என்கிறாள்.

கோப்புக்காரி:
வெளிநாடு போகிறவர்களின் விசாக் கோப்பை அடுக்கிக் கொடுப்பது என் வேலை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

எந்த நாடு என்பதை ஏஜெண்ட் முடிவு செய்ய முடியாது. ஒரே விசாவில் சுற்றி வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டம்தான் ஷெங்கன். அந்த நாடுகள் எல்லாவற்றுக்கும் பொதுவான விசா விதித்தொகுப்பு ஒன்று 2009இல் வந்தது, அதில் தெளிவாக இருக்கிறது. பயணத்தின் முக்கிய இடம் எந்த நாட்டிலோ, அதாவது எங்கே அதிக நாள் தங்குகிறீர்களோ, எதற்காகப் போகிறீர்களோ, அந்த நாட்டுத் தூதரகம்தான் உங்கள் விண்ணப்பத்தைப் பார்க்க வேண்டும். முக்கிய இடம் இதுதான் என்று சொல்ல முடியாதபடி நாட்கள் சமமாக இருந்தால், முதலில் நுழையும் நாடு. உங்களுக்கு மூன்றிலும் நான்கு நான்கு இரவு, இறங்குவது பாரிஸ். ஆகவே பிரான்ஸ்.

இந்தத் திட்டத்தோடு சுவிஸில் கொண்டுபோய்க் கொடுத்தால் "இது எங்கள் வேலை இல்லை" என்று திருப்பிவிடலாம். அப்படித் திருப்பினால் விசாக் கட்டணம் கையில் வந்துவிடும், நாள்தான் வீண். அதைவிட மோசம், சுவிஸில் 7 இரவு என்று பொய்யாக ஒரு திட்டம் எழுதி விசா வாங்கிவிட்டு, பாரிஸில் இறங்கும்போது வேறு விடுதிச் சீட்டை நீட்டுவது.

கட்டணம்: 2024 ஜூனிலிருந்து பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45, அதற்குக் கீழே இலவசம். உங்கள் மூவருக்கும் 225 யூரோ. இதற்கு மேல் விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. விசா மறுக்கப்பட்டால் எதுவும் திரும்பி வராது.

எதற்கும் கடவுச்சீட்டை இன்றே எடுத்துப் பாருங்கள். ஷெங்கனை விட்டு வெளியேறும் நாளுக்கு அப்புறமும் குறைந்தது 3 மாதம் செல்ல வேண்டும், கடந்த 10 ஆண்டுக்குள் வழங்கப்பட்டதாக இருக்க வேண்டும், இரண்டு பக்கமாவது வெறுமையாக இருக்க வேண்டும்.

மின்னல்வேகன்:
அக்கா சொல்வது புத்தகப்படி சரி. நடைமுறை வேறு. என் நண்பர்கள் நாலு பேர் சுலபமான நாட்டில் வாங்கி வேறு நாட்டில் ஊர் சுற்றிவிட்டு வந்தார்கள். ஒருவரும் கேட்கவில்லை.

பணத்துக்கும் கவலை வேண்டாம். தெரிந்தவரிடம் ஒரு பெரிய தொகை வாங்கி ஒரு மாதம் கணக்கில் போட்டு வையுங்கள், விசா வந்ததும் திருப்பிக் கொடுங்கள். எல்லோரும் செய்வதுதான். டிக்கெட்டுக்கு டம்மி டிக்கெட் போதும்.

ஒருதடவைசறுக்கியவன்:
மின்னல் சகோ, அந்தப் பெரிய தொகை விஷயத்தில் அடி வாங்கியவன் நான். இத்தனைக்கும் என் பணம் உண்மையான பணம்.

விண்ணப்பிக்க மூன்று வாரத்துக்கு முன்பு காரை விற்றேன். முழுத் தொகையும் ஒரே நாளில் கணக்கில் விழுந்தது. ஆறு மாத ஸ்டேட்மெண்டில் ஐந்து மாதம் தரையில் ஊர்ந்துகொண்டிருந்த இருப்பு, ஆறாவது மாதம் மாடி ஏறி நிற்கிறது. எனக்கு அது தப்பாகவே படவில்லை, ஏனென்றால் காரை விற்றது எனக்குத் தெரியும். கோப்பைப் பார்த்த அதிகாரிக்கு எப்படித் தெரியும்? விற்பனைத் தாளின் நகலைக்கூட நான் வைக்கவில்லை.

மறுப்புப் படிவம் வந்தது. அதில் அச்சடித்த காரணங்கள் வரிசையாக இருக்கும், பொருந்துவதற்கு எதிரே குறி போட்டிருப்பார்கள். எனக்கு இரண்டு குறி: கொடுத்த தகவல் நம்பத்தகுந்ததாக இல்லை, விசா முடிவதற்குள் திரும்பிப் போகும் எண்ணத்தில் நியாயமான சந்தேகம் இருக்கிறது. இரண்டாவதைப் படித்தபோது மனசு உடைந்துவிட்டது. என்னைப் பார்த்தால் ஓடிப்போகிறவன் மாதிரியா இருக்கிறது என்று வீட்டில் இரண்டு நாள் புலம்பினேன்.

மின்னல்வேகன்:
நீங்கள் சொல்வதும் என் வாதமும் ஒன்றுதான் அண்ணே. உண்மையான பணத்துக்கே மறுப்பு என்றால், உண்மைக்கு அங்கே என்ன மதிப்பு? எல்லாம் அதிர்ஷ்டம்.

ஒருதடவைசறுக்கியவன்:
அதிர்ஷ்டம் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். மேல்முறையீடு செய்யலாமா, புதிதாக விண்ணப்பிக்கலாமா என்று யோசித்தேன். புதிதாக என்று முடிவு செய்தேன், ஏனென்றால் அவர்கள் முடிவு தப்பு என்று காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை. கோப்புதான் ஓட்டையாக இருந்தது. இந்தத் தடவை காரின் விற்பனைத் தாள், வாங்கியவர் பணம் அனுப்பிய பதிவு, அதே எண்ணில் என் பழைய பதிவுச் சான்று மூன்றையும் வைத்தேன். ஸ்டேட்மெண்டில் அந்த வரியைப் பேனாவால் வட்டமிட்டு "இணைப்பு 6 பார்க்க" என்று எழுதினேன். கவர் லெட்டரில் முதல் பத்தியிலேயே "முன்பு மறுக்கப்பட்டது, காரணம் இது, இப்போது விளக்கம் இதோ" என்று சொன்னேன். அதே தூதரகம், 11ஆம் நாள் விசா வந்தது.

சம்பளம் ஏறவில்லை, வேலை மாறவில்லை, இருப்பும் கிட்டத்தட்ட அதேதான். தாள் மட்டும்தான் கூடியது.

கோப்புக்காரி:
இதைத்தான் வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன். அதிகாரிக்கு உங்களைத் தெரியாது, உங்கள் தெருவைத் தெரியாது, கையில் இருப்பது தாள்கள் மட்டும். அந்தத் தாள்களை வைத்து உங்கள் பயணத்தை அவர் மனதுக்குள் ஒரு தடவை நடத்திப் பார்க்க முடிய வேண்டும். எந்த விமானத்தில் வந்தார், எங்கே தூங்கினார், எந்த ரயிலில் அடுத்த ஊர் போனார், இதற்கெல்லாம் எங்கிருந்து செலவழித்தார், எதற்காகத் திரும்பி வந்தார். நடுவில் எங்காவது தடுக்கினால் அங்கே நிற்பார்.

நான் கோப்பு சரிபார்ப்பது இப்படித்தான்: ஒரு வெள்ளைத்தாளில் மே 10 முதல் 22 வரை தேதிகளை எழுதிவிட்டு, ஒவ்வொரு இரவுக்கும் எதிரே விடுதிச் சீட்டைத் தேடுவேன். எங்காவது ஓர் இரவுக்குக் கூரை இருக்காது. மே 14 இரவு பாரிஸ் விடுதி முடிந்திருக்கும், சுவிஸ் விடுதி 15இல் தொடங்கும். விடுப்புக் கடிதத்தில் 11ஆம் தேதியிலிருந்து விடுப்பு என்று இருக்கும், விமானமோ 9ஆம் தேதி இரவு. விண்ணப்பத்தில் முதல் நுழைவு இத்தாலி என்று டிக் அடித்திருப்பார்கள், டிக்கெட் பாரிஸுக்கு. பெரும்பாலும் பொய் இல்லை, மூன்று முறை திட்டம் மாற்றியதில் விட்டுப்போனவை. வாசிக்கிறவருக்கு அது தெரியாது.

"எவ்வளவு பணம்" என்பதற்கும் ஒரே விடை கிடையாது. ஒவ்வொரு நாடும் ஒரு நாளுக்கு இவ்வளவு என்று குறிப்புத் தொகை வைத்திருக்கிறது. பிரான்ஸில் விடுதி முன்பதிவு இருந்தால் ஆளுக்கு நாளொன்றுக்கு 65 யூரோ, இல்லையென்றால் 120. 12 இரவு என்றால் 13 நாள். 65 வீதம் மூவருக்கு 2,535 யூரோ. இது குறைந்தபட்சம், உச்சவரம்பு இல்லை. இதைவிடக் கூடுதலாக வைத்திருப்பது நல்லது, ஆனால் மாதாமாதம் சம்பளம் வந்து, செலவு போய், மெல்ல ஏறிய 4,000 யூரோ இருப்பு, நேற்று வந்து விழுந்த 15,000ஐ விடப் பார்வைக்கு அழகு.

பொதிமாடு:
டம்மி டிக்கெட் பற்றி யாரும் பேசவில்லையே. என் கருத்து: உண்மையான முன்பதிவு வேறு, போலி வேறு. பல தூதரகங்களே "விசா வரும் முன் டிக்கெட்டுக்குப் பணம் கட்டாதீர்கள், முன்பதிவு போதும்" என்று எழுதி வைத்திருக்கின்றன. விமான நிறுவனத்தின் கணினியில் தேடினால் வர வேண்டும், அவ்வளவுதான். படம் வெட்டி ஒட்டித் தயாரித்த சீட்டு என்றால் அது போலி ஆவணம். அதற்குப் பெயர் வேறு, விளைவும் வேறு. விடுதிக்கு இலவசமாக ரத்து செய்யக்கூடிய முன்பதிவு எடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. விசா வந்த அன்றே எல்லா விடுதியையும் ரத்து செய்துவிட்டு மலிவான இடம் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். விடுதி மாற்றுவது குற்றமில்லை. பயணமே வேறாகிவிட்டால்தான் சிக்கல். விசா கையில் இருந்தால் கதவு தானாகத் திறக்கும் என்று நினைக்காதீர்கள். எல்லைக் காவலர் மறுபடியும் நோக்கம், தங்குமிடம், பணம் மூன்றையும் கேட்க உரிமை உண்டு. பொய் சொல்லி வாங்கியது என்று தெரிந்தால் விசாவை அங்கேயே செல்லாததாக்கலாம். மின்னல்வேகன் சகோவின் நாலு நண்பர்களை யாரும் கேட்கவில்லை. ஐந்தாவது ஆள் இங்கே வந்து எழுதமாட்டார்.

மின்னல்வேகன்:
😄 சரி, டிக்கெட் விஷயத்தில் சரண். ஏஜெண்ட் விஷயத்தில் இல்லை. விண்ணப்பம் கொடுக்க அப்பாயின்மெண்ட் ஸ்லாட் கிடைப்பதே அவர்களிடம்தான்.

ஊர்சுற்றிப்புறா:
அதுதான் என் அடுத்த தலைவலி. பிரான்ஸுக்கு அப்பாயின்மெண்ட் பக்கத்தைத் தினமும் பார்க்கிறேன், எல்லாத் தேதியும் சாம்பல் நிறம். ஒருவர் "கூடக் கொஞ்சம் கொடுத்தால் நாளைக்கே" என்கிறார்.

கோப்புக்காரி:
கொடுக்காதீர்கள். விதிப்படி, கேட்ட இரண்டு வாரத்துக்குள் அப்பாயின்மெண்ட் தர வேண்டும். கோடைக்கு முந்தைய மாதங்களில் அந்த விதி காற்றில் பறப்பதை நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். தரகர்கள் மொத்தமாகப் பிடித்து வைப்பதால்தான் பாதித் தட்டுப்பாடு என்பது என் சொந்தக் கணிப்பு. பிடித்ததை விற்க முடியாதபோது விட்டுவிடுவார்கள். அதனால் ரத்தான இடங்கள் திடீரென்று முளைக்கும், ஒரே நாளில் பல முறை பாருங்கள்.

நாள் கணக்கு: பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுக்க வேண்டும். முடிவுக்குப் பொதுவாக 15 நாள், சில கோப்புகளுக்கு 45 நாள் வரை இழுக்கலாம். ஆகவே மார்ச் 20க்குள் ஒரு தேதி கிடைத்தால்கூட உங்களுக்குப் போதும். நீங்களும் மனைவியும் நேரில் போய்க் கைரேகை கொடுக்க வேண்டும், 12 வயதுக்குக் கீழே இப்போதைக்கு வேண்டாம். ஒருமுறை கொடுத்த ரேகையை 59 மாதம் வரை அடுத்த விண்ணப்பங்களுக்கு எடுத்துக்கொள்வார்கள்.

அப்புறம், மையத்தில் உட்கார்ந்திருப்பவர் உங்கள் விசாவை முடிவு செய்வதில்லை. தாளை வாங்கித் தூதரகத்துக்கு அனுப்புவது மட்டுமே அவர் வேலை. "இந்தக் கூடுதல் சேவையை எடுத்தால் நல்லது" என்று அவர் சொன்னால் புன்னகைத்துவிட்டு நகருங்கள். குறுஞ்செய்திக்கும் நகலெடுப்புக்கும் விசா வராது.

நதிக்கரைநாணல்:
எனக்குக் கொஞ்சம் வேறு கேள்வி, இங்கேயே கேட்கலாமா? ஜெர்மனியில் இருக்கும் என் சித்தி மகன் "நான் ஸ்பான்சர் செய்கிறேன், அழைப்புக் கடிதம் அனுப்புகிறேன்" என்கிறான். வெள்ளைத்தாளில் அவன் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதுமா?

பொதிமாடு:
உறவைக் காட்ட அந்தக் கடிதம் உதவும். செலவை ஏற்கிறான் என்று காட்ட வேண்டுமானால் ஜெர்மனியில் அதற்கென்று அதிகாரப்பூர்வப் படிவம் உண்டு. உங்கள் தம்பி அவன் ஊரின் வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போய், சம்பளச் சீட்டைக் காட்டி, 29 யூரோ கட்டி வாங்க வேண்டும். பெயர் ஃபெர்ஃப்லிக்டுங்ஸ்எர்க்லேருங். ஒரே மூச்சில் சொல்லிப் பழகுங்கள். பிரான்ஸில் இதுபோல நகராட்சி கொடுக்கும் தங்குமிடச் சான்று இருக்கிறது.

அதில் கையெழுத்துப் போடுவது சும்மா மரியாதைக்கு இல்லை. நீங்கள் அங்கே செலவுக்கு வழியில்லாமல் நின்றால் அரசு செலவழிப்பதை அவனிடம் கேட்கும். தம்பிக்கு இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஒருதடவைசறுக்கியவன்:
ஜெர்மனி என்றதும் ஒன்று. முன்பெல்லாம் அங்கே விசா மறுத்தால் தூதரகத்துக்கே மறுபரிசீலனைக் கடிதம் எழுதலாம், காசு இல்லாமல். 2025 ஜூலை 1 முதல் அந்த வழியை எடுத்துவிட்டார்கள். இப்போது புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், அல்லது பெர்லின் நிர்வாக நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். இணையத்தில் பழைய பதிவுகளைப் பார்த்துவிட்டுக் கடிதம் எழுதிக்கொண்டு காத்திருக்காதீர்கள்.

கோப்புக்காரி:
புறா சகோ, லண்டன் கேள்வியை எல்லோரும் மறந்துவிட்டோம். அது சின்ன விஷயம் மாதிரி இருக்கும், இல்லை.

பிரிட்டன் ஷெங்கனில் இல்லை. அதற்குத் தனி விசா, தனிக் கட்டணம், தனி விண்ணப்பம். அது கையில் இருந்தாலும், ஷெங்கன் விசா ஒருமுறை நுழைவு என்றால், பாரிஸின் கார் து நோர் நிலையத்தில் லண்டன் போகும் யூரோஸ்டார் ரயிலில் ஏறும்போதே பிரெஞ்சுக் காவலர் நீங்கள் வெளியேறியதாகப் பதிந்துவிடுவார். இன்டர்லாகன் விடுதி அங்கே காத்திருக்க, நீங்கள் லண்டனில் நிற்பீர்கள். இரண்டு அல்லது பலமுறை நுழைவு வேண்டும் என்று காரணத்தோடு கேட்டு, அது கிடைத்தால் மட்டுமே சரி. அயர்லாந்தும் சைப்ரஸும் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருக்கின்றன, ஷெங்கனில் இல்லை. சுவிஸும் நார்வேயும் ஒன்றியத்தில் இல்லை, ஷெங்கனில் இருக்கின்றன. ருமேனியாவும் பல்கேரியாவும் 2025 ஜனவரியில் முழுமையாக உள்ளே வந்ததோடு இப்போது 29 நாடு.

பாப்பாவிடம் கடிகாரத்தை அடுத்த தடவைக்குத் தள்ளிவைக்கச் சொல்லுங்கள்.

ஊர்சுற்றிப்புறா:
தள்ளிவைத்தாயிற்று, பேச்சுவார்த்தை கடுமையாக இருந்தது. வெனிஸில் படகு ஒன்று கூடுதலாகப் பேசி முடித்தோம்.

காப்பீடு எடுத்துவிட்டேன். 30,000 யூரோ, எல்லா ஷெங்கன் நாட்டுக்கும், தாயகம் திரும்பக் கொண்டுவரும் செலவு உட்பட. மே 10 முதல் 22 வரை. சரிதானே?

பொதிமாடு:
சரி. ஆனால் ஒருமுறை நுழைவு விசாவில் தங்கும் நாட்களோடு 15 நாள் சலுகைக் காலமும் சேர்த்துச் செல்லும் தேதி போடுவது வழக்கம். விமானம் தள்ளிப்போனால் காப்பீடும் கூடவே வர வேண்டாமா? கொஞ்சம் நீட்டித்துக்கொள்ளுங்கள், பெரிய வித்தியாசம் வராது.

ஊர்சுற்றிப்புறா:
ஆறு வாரம் கழித்து வருகிறேன். ஒரு நாள் விடியற்காலை 5 மணிக்கு அப்பாயின்மெண்ட் கிடைத்தது, யாருக்கும் கூடுதலாக ஒன்றும் கொடுக்கவில்லை. வெள்ளைத்தாள் சோதனையில் எங்களுக்கும் ஓர் இரவு கூரை இல்லாமல் இருந்தது. மிலனுக்கும் வெனிஸுக்கும் நடுவில், மே 20. கோப்புக்காரி அக்காவுக்கு நன்றி.

நேற்று மூவரின் கடவுச்சீட்டும் வந்தது, விசாவோடு! ஆனால் ஒரு குழப்பம். ஸ்டிக்கரில் மே 10 முதல் ஜூன் 6 வரை என்று இருக்கிறது. நாங்கள் கேட்டதைவிட இரண்டு வாரம் கூடுதல். அப்படியானால் ரோமும் பார்த்துவிட்டு ஜூன் முதல் வாரம் திரும்பலாமா?

கோப்புக்காரி:
திரும்பக் கூடாது! வாழ்த்தை அப்புறம் சொல்கிறேன், முதலில் அதே ஸ்டிக்கரில் "தங்கும் காலம்" என்ற கட்டத்தைப் பாருங்கள். 13 என்று இருக்கும்.

ஊர்சுற்றிப்புறா:
ஆமாம், 13. நுழைவு எண்ணிக்கை 01.

கோப்புக்காரி:
இரண்டு தேதிகளும் சன்னல் மாதிரி, அந்தச் சன்னலுக்குள் எப்போது வேண்டுமானாலும் உங்கள் 13 நாளை வைத்துக்கொள்ளலாம். மே 10 முதல் ஜூன் 6 வரை 28 நாள். 13 நாள், கூட 15 நாள் சலுகை. பொதிமாடு சொன்னது அதுதான். விமானம் இரண்டு நாள் தள்ளிப்போனால் 12ஆம் தேதி இறங்கி 24 வரை இருக்கலாம். 14ஆவது நாள் இருக்க முடியாது. இறங்கும் நாளும் ஏறும் நாளும் இரண்டுமே கணக்கில் சேரும், நடு இரவுக்குப் பத்து நிமிடம் முன்பு இறங்கினாலும் அது ஒரு நாள்.

2025 அக்டோபர் 12 முதல் எல்லையில் புதிய பதிவு முறை படிப்படியாக வந்திருக்கிறது. முகத்தைப் படம் எடுத்து, வந்த நாளையும் போன நாளையும் கணினியில் ஏற்றிவிடுகிறது. மங்கிய முத்திரையைக் காட்டித் தப்பிக்கும் காலம் போய்விட்டது.

இனி வாழ்த்து. பெயர், பிறந்த தேதி, கடவுச்சீட்டு எண் மூன்றையும் மூன்று ஸ்டிக்கரிலும் எழுத்துக்கு எழுத்து சரிபாருங்கள். தவறு இருந்தால் இப்போதே சொன்னால் மாற்றித் தருவார்கள்.

நதிக்கரைநாணல்:
வாழ்த்துகள் சகோ! என் தம்பி அந்த நீளப் பெயர்ப் படிவத்தை வாங்கிவிட்டான். பெயரைத்தான் என்னால் இன்னும் சொல்ல முடியவில்லை.

மின்னல்வேகன்:
எனக்கு ஒரே ஒரு சந்தேகம். இவர் ஒழுங்காகப் போய் வந்தால் அடுத்த தடவை பலமுறை நுழைவு விசா கிடைக்குமா?

கோப்புக்காரி:
ஒன்றை வைத்து உரிமையாகக் கேட்க முடியாது. பொது விதிப்படி, இரண்டு ஆண்டுக்குள் மூன்று விசா வாங்கி ஒழுங்காகப் பயன்படுத்தியிருந்தால் ஓராண்டுக்குப் பலமுறை நுழைவு. அதற்கு மேல் இரண்டு ஆண்டு, ஐந்து ஆண்டு என்று படி ஏறும். சில நாட்டுக் குடிமக்களுக்கு இதைவிடத் தளர்வான விதிகள் இருக்கின்றன, உங்கள் தூதரகப் பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் எந்த நாளிலும் 180 நாளைப் பின்னோக்கி எண்ணினால் ஷெங்கனில் தங்கிய நாள் 90ஐத் தாண்டக் கூடாது, ஐந்தாண்டு விசா இருந்தாலும்.

சகோ, நீங்களும் விண்ணப்பிக்கிறீர்களா?

மின்னல்வேகன்:
செப்டம்பரில். இன்றைக்கு வெள்ளைத்தாளில் தேதி எழுதிப் பார்த்தேன் அக்கா. மூன்று இரவுக்குக் கூரை இல்லை.

ஊர்சுற்றிப்புறா:
மே 11, பாரிஸிலிருந்து. நேற்று எல்லையில் அந்த அம்மா கேட்டது இரண்டே கேள்வி: எத்தனை நாள், திரும்பும் டிக்கெட் எங்கே. அப்புறம் மகளைப் பார்த்து முகத்தைக் கேமராவுக்கு நேரே காட்டச் சொன்னார். இவள் நாக்கை நீட்டிவிட்டாள். இரண்டாவது தடவை எடுத்தார்கள்.